துறைமுக நகரில் தொண்டர் பணி

திருகோணமலைத் துறைமுகத்தை முதன்முறை காண்பவர் அதன் அமைதியைக் கண்டே வியப்பர். வெளியே வங்கக் கடல் அலையெறிந்து கொண்டிருக்க, உள்ளே, குன்றுகள் அரண்செய்த உட்துறைமுகத்தில், நீர் குளத்து நீர்போல் அடங்கிக் கிடக்கும். ஆழமும் அகலமும் வாய்ந்த இயற்கைத் துறைமுகங்களை எண்ணும்போது உலகிலேயே முன்வரிசையில் வைத்து எண்ணப்படுவது இது. ஒருபுறம் திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற கோணேசர் திருக்கோயில். அக்கோயில் நிற்கும் பாறை முனையிலேயே, போர்த்துக்கேயர் கட்ட, ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராய்க் கைக்கொண்ட பிரெட்ரிக் கோட்டை. மறுபுறம் கடற்படைத் தளம். இவ்வாறு கோயிலும் கோட்டையும் கப்பற்றளமும் அருகருகே அமைந்த இந்நகரில், குடிமக்கள் வாழ்வும் படையினர் வாழ்வும் ஒரே மதிலின் இரு பக்கங்களில் நெடுங்காலமாக நடந்து வருகின்றன.

இத்தகைய ஊரில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. வேதனம் வாங்காமலும், சட்டத்தின் கட்டாயம் இல்லாமலும், படைக்கும் படையினர் குடும்பங்களுக்கும் ஊருக்கும் உதவ முன்வருகிறார்களே தொண்டர்கள், அவர்களை எவ்வாறு வழிநடத்துவது? கேட்ட மாத்திரத்தில் இது சிறு கேள்வியாகத் தோன்றலாம். நல்ல மனத்தோடு வருகிறவனுக்கு மேற்பார்வை எதற்கு என்றும் சிலர் எண்ணலாம். ஆனால் ஆபத்து வந்த நாளில் ஊர் நின்றதும் குலைந்ததும் இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே விடை கண்டிருந்ததைப் பொறுத்தே அமைந்தன என்பதற்குத் திருகோணமலையின் வரலாறே சான்று.

தொண்டு என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. திருநாவுக்கரசர் கோயில்தோறும் சென்று புல் செதுக்கித் துப்புரவு செய்தார். அவர் கையில் ஏந்திய கருவிக்கு உழவாரப்படை என்றே பெயர். தொண்டும் படையும் ஒரே கையில் இருந்த மரபு அது. ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையில் எழுந்த தன்விருப்புப் படைகளைத் தமிழில் தொண்டர் படை என வழங்கியதும் இதனாற் பொருத்தமாயிற்று. 1881ஆம் ஆண்டில் தரைப்படைத் தொண்டர் அணி தோன்றியது. கடலுக்கு அத்தகைய அணி வருவதற்கு மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்றின்படி, 1938 ஜனவரி முதலாந் திகதி இலங்கைக் கடற்படைத் தொண்டர் படை அமைந்தது.

இத்தொண்டர்கள் முழுநேரக் கடலோடிகள் அல்லர். தத்தம் தொழிலைப் பார்த்துக்கொண்டே, ஒழிந்த வேளைகளில் பயிற்சிக்கு வந்தவர்கள். ஆனால் அவர்கள் பெயர் பதிவேட்டில் இருந்தது. அவரவர்க்குரிய நிலை இன்னதென்று வகுக்கப்பட்டிருந்தது. அழைப்பு வந்தால் எங்கே சென்று யாரிடம் தலைகாட்ட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. ஆகவே 1939 ஆகஸ்ட் 31ஆந் திகதி, யுத்தம் மூள்வதற்கு முதல் நாளில், அழைப்பு விடுக்கப்பட்டபோது அப்படை தடுமாறாமல் எழுந்தது. தொடக்கத்தில் அதற்கென்று சொந்தப் போர்க்கப்பல்கூட இருக்கவில்லை. துறைமுகத்து இழுவைக் கப்பல்களைக் கொண்டே காவற்பணி தொடங்கிற்று. பின்னர் கண்ணிவெடி வாருதலிலும் கரையோரக் காவலிலும் அது ஈடுபட்டது. அந்தத் தொண்டர் அணியை வித்தாகக் கொண்டே 1950 டிசம்பர் 9ஆந் திகதி நாட்டின் நிரந்தரக் கடற்படை உருவாயிற்று. ஒழிந்த வேளையில் வந்தவர்கள் இட்ட அத்திவாரத்தின்மேலேதான் அது எழுந்தது என்பதை மறத்தலாகாது.

இனி 1942ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஆண்டு பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின் பின், ஏப்ரல் 9ஆந் திகதி காலை, திருகோணமலையின் முறை வந்தது. எதிரிக் கப்பல்கள் நெருங்குவது தெரிந்திருந்தமையால் முதல்நாள் இரவே பல கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியேற்றப்பட்டன. ஆயினும் எஞ்சி நின்ற சகைங் என்னும் சரக்குக் கப்பல் தீக்கிரையாயிற்று. கப்பற்றளமும் சீனக்குடா விமானத் தளமும் குண்டுகளுக்கு இலக்காயின. சீனக்குடாவின் மாபெரும் எண்ணெய்க் குதங்களுள் ஒன்றன்மேல் ஜப்பானிய விமானமொன்று வீழ்ந்து, அக்குதம் பல நாட்கள் எரிந்தது. முதல்நாள் இரவு தெற்கே சென்ற ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், தன்னிடம் ஒரு விமானமும் இல்லாத நிலையில், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதில் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீற்றா என்னும் மருத்துவக் கப்பல் நீரிலே தத்தளித்த பலநூறு பேரைக் காப்பாற்றியது.

ஊரின் நிலை என்ன? கொழும்பிலும் திருகோணமலையிலும் துறைமுகத் தொழிலாளரிற் பெருந்தொகையினர் வேலையை விட்டு நீங்கினர். குடிமக்கள் பலர் உள்நாட்டை நோக்கிப் பெயர்ந்தனர். இதனைக் கோழைத்தனம் என்று கூறுதல் எளிது. ஆனால் அது நேர்மையான தீர்ப்பாகாது. குண்டு விழும்போது ஒரு மனிதனுடைய கால் இரண்டு திசைகளில் இழுக்கப்படுகிறது. ஒன்று கடமை இருக்கும் இடம். மற்றொன்று மனைவி மக்கள் இருக்கும் இடம். கடமை இருக்கும் இடம் இன்னதென்று அவனுக்கு எவரும் சொல்லி வைக்கவில்லையானால், மற்றத் திசையே வெல்லும். வெல்லுவது இயல்பு. அவன் குடும்பத்துக்குப் பதுங்குகுழி உண்டா, உணவு உண்டா, அவன் இறந்தால் அவர்களைப் பார்ப்பவர் யார் என்ற கேள்விகளுக்கு விடை கூறாத நிருவாகம், அவன் ஓடியதைக் குறைகூறும் உரிமையையும் இழந்து விடுகிறது.

இந்த உண்மையை அக்காலத்து ஆட்சியினர் ஓரளவு உணர்ந்தே இருந்தனர். சிவில் பாதுகாப்புக்கென ஓர் இலாகா அமைக்கப்பட்டு, பிற்காலத்தில் மகாதேசாதிபதியாக விளங்கிய ஒலிவர் குணதிலக்க அதன் ஆணையாளரானார். வட்டாரக் காவலர், துணைத் தீயணைப்பாளர், முதலுதவியாளர் எனத் தொண்டர்கள் வகைப்படுத்தப்பட்டனர். உணவு வழங்கலும் அவர் பொறுப்பிலேயே சேர்ந்தது. பாதுகாப்பும் உணவும் ஒரே கையில் வந்தமை தற்செயலன்று. அடுப்பிற் பானை ஏறாத வீட்டிலிருந்து தொண்டன் வரமாட்டான் என்பது ஊரறிந்த செய்தியல்லவா?

தொண்டரை வழிநடத்துவதில் முதற்கடமை, வந்தவனுக்கு இடமும் வேலையும் காட்டுவது. இதிற் பெரிய நாடுகளும் தவறியதுண்டு. 1940 மே 14ஆந் திகதி மாலை, பிரித்தானிய யுத்த அமைச்சர் அந்தனி ஈடன் வானொலியில் தோன்றி, ஊர்க்காவலுக்குத் தொண்டர் வேண்டும் என்று அழைத்தார். சில நாட்களுக்குள் ஏறத்தாழ 2,50,000 பேர் பெயர் கொடுத்தனர். ஆனால் அவர்களுக்குக் கொடுக்கத் துப்பாக்கி இல்லை, சீருடை இல்லை, பயிற்சியளிக்க ஆளும் போதவில்லை. வேட்டைத் துப்பாக்கியும் தடியும் ஏந்தி அவர்கள் காவல் நின்றனர். குரல் கொடுக்க ஒரு மாலைப்பொழுது போதும். குரல் கேட்டு வந்தவர்களைப் பயன்படுத்த ஆயத்தம் செய்யவோ பல மாதங்கள் வேண்டும். அழைப்புக்கு முன்னே ஆயத்தம் என்பது தொண்டர் பணியின் முதல் விதியாகும்.

இவ்விதி எமது கோயில் வீதிகளிலே நாள்தோறும் விளங்குவதுதான். தேர்த்திருவிழாவன்று வடம் பிடிக்க ஆயிரம் பேர் திரள்வர். அவர்களில் ஒருவரையும் எவரும் கூலிக்கு அமர்த்தியதில்லை. ஆனால் அந்த ஆயிரம் பேரின் வலிமையும் சில்லின் அருகே முட்டுக்கட்டையோடு குனிந்து நிற்கும் இருவர் மூவரை நம்பியே இருக்கிறது. எப்போது இழுப்பது, எப்போது நிறுத்துவது, எந்த மூலையில் எந்தப் பக்கம் திருப்புவது என்பதை அவர்கள் அறிவர். அவர்கள் இல்லாவிடின் பக்தி நிறைந்த அந்த வலிமையே தேரைக் கவிழ்த்து விடும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது மெய்யே. திரட்டுகிற கையொன்று இருந்தாலன்றோ கொடி திரளும்?

இரண்டாவது கடமை, தொண்டனை மதிப்போடு நடத்துவது. சம்பளம் வாங்குபவன் அவமதிப்பைச் சம்பளத்துக்காகச் சிலகாலம் பொறுப்பான். விருப்பத்தால் வந்தவனுக்கு அப்படிப் பொறுக்கக் காரணமில்லை. இதற்கு இலங்கையரின் நினைவில் ஆறாத வடுவாக உள்ள நிகழ்ச்சி ஒன்றுண்டு. தீவின் கரையோரப் பீரங்கிகளைக் காத்து நின்ற இலங்கைக் கோட்டைப் பீரங்கிப் படை ஒரு தொண்டர் படையே. அதன் ஓர் அணி இந்து சமுத்திரத்திலுள்ள கொக்கோஸ் தீவுகளுக்கு அனுப்பப்பட்டது. திருகோணமலை தாக்கப்பட்டு ஒரு மாதம் கழிந்த நிலையில், 1942 மே 8ஆந் திகதி இரவு, அங்கே அவ்வணியினர் சிலர் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது, ஒரு வீரர் உயிரிழந்தார். கிரேஷன் பெர்னாண்டோ, காலோ கௌடர், ஜி. பி. டி சில்வா ஆகிய மூவரும் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். இரண்டாம் உலக யுத்தத்தில் படைக்கிளர்ச்சிக் குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட பொதுநலவாயப் படைவீரர் இவர்கள் மூவரே.

அக்கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. அடிமை நாட்டின் அரசியல் உணர்வும் அவற்றில் ஒன்று. மேலதிகாரி தம்மை நடத்திய விதம்பற்றிய மனக்குறையும் நிறவேற்றுமையால் வந்த கசப்பும் மற்றொன்று. தாமே விரும்பிப் பெயர் கொடுத்த இளைஞர், நெடுந்தொலைவில், குறைகேட்பார் இல்லாத தீவில், அக்குறையோடு விடப்பட்டனர். ஒருவன் எவ்வளவு உவந்து வந்தானோ அவ்வளவு ஆழமாக அவன் மனம் முறியும். ஆதலால் தொண்டரை ஆளுபவன் தன் காதை எப்போதும் திறந்து வைத்திருத்தல் வேண்டும். தொண்டன் தன் குறையைச் சொல்ல ஓர் ஆளும், சொன்ன குறைக்கு மறுமொழி வரும் ஒரு நாளும் வகுக்கப்படாத அமைப்பு, கயிறு அறுந்த தோணியைப் போன்றது. காற்று அடங்கியிருக்கும் வரையில் அது கரையருகே மிதக்கும்; அவ்வளவே.

படைத்தளத்தின் தொண்டர் என்றால் ஆயுதம் ஏந்தியோர் மட்டும் அல்லர். கப்பல் கடலுக்குச் சென்றபின் கரையில் நிற்கும் குடும்பங்கள் உள்ளன. 1885ஆம் ஆண்டில் பிரித்தானியப் படை எகிப்துக்குப் புறப்பட்டபோது, மேஜர் ஜேம்ஸ் கில்டியா என்பவர், பின்னே விடப்பட்ட பெண்டிர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தொண்டரும் பணமும் வேண்டும் என்று பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதத்திலிருந்து எழுந்த சங்கம் இன்றும் நடக்கிறது. அமெரிக்கத் தரைப்படை 1965ஆம் ஆண்டில் படையினர் குடும்ப நலனுக்கென ஒரு சேவையைத் தொடங்கியபோது, அதனைத் தாங்கி நின்றவர்கள் பெரும்பாலும் படைவீரர் மனைவியரே. இலங்கையிலும் முப்படைகளுக்கும் சேவா வனிதா அமைப்புகள் உள்ளன. கடற்படையின் அமைப்பும் அத்தகையதே.

இத்தகைய குடும்பத் தொண்டில் உலகெங்கணும் ஒரு சிக்கல் தோன்றுவதுண்டு. கணவனின் தோளிலுள்ள பட்டி மனைவியின் முந்தானையிலும் வந்து ஒட்டிக்கொள்ளுகிறது. அதிகாரியின் மனைவி தலைமை நாற்காலியிலும், மாலுமியின் மனைவி தேநீர் ஊற்றும் மேசையிலும் அமைந்து விடுகின்றனர். மாலுமியின் மனைவி தாதியாகவோ ஆசிரியையாகவோ கணக்கில் வல்லவளாகவோ இருக்கலாம். அதனை எவரும் கேட்பதில்லை. இன்னொரு தீங்கும் உண்டு. அதிகாரியின் மனைவி அழைத்தால் வரமாட்டேன் என்று சொல்ல மாலுமியின் மனைவிக்கு வாய் எழுமா? எழாதாயின், அது தொண்டு என்ற பெயரில் நடக்கும் ஊழியமேயன்றித் தொண்டாகாது. மறுப்பதற்கு உரிமை உள்ள இடத்தில்தான் ஒப்புக்கொள்வதற்கு மதிப்பு உண்டு.

இதற்கு நல்ல மாற்று ஒன்றும் காட்டப்பட்டிருக்கிறது. 1938ஆம் ஆண்டில் லேடி ரெடிங் பிரித்தானியாவில் தொடங்கிய பெண்கள் தொண்டர் சேவையில் பட்டப் படிநிலைகள் வைக்கப்படவில்லை. பிரபுவின் மனைவியும் துணி வெளுப்பவளும் ஒரே நிறச் சீருடையைத் தத்தம் செலவில் வாங்கி அணிந்தனர். யாருக்கு எந்த வேலை என்பதை அவரவர் செய்யக்கூடிய வேலையே தீர்மானித்தது. ஆண்களின் படை படிநிலையின்றி நடவாது; ஆனால் அப்படிநிலை வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவேண்டும் என்பதில்லை.

படைத்தளத்துக்கே உரிய மற்றொரு சிக்கல் இடமாற்றம். கடற்படையாளன் ஒரு தளத்தில் நெடுநாள் தங்குவதில்லை. இன்று திருகோணமலை, நாளை காங்கேசன்துறை, மறுநாள் காலி. அவனோடு குடும்பமும் பெயரும். சிறுவர் பள்ளியை நடத்தி வந்த தாய் திடீரெனப் புறப்பட்டால், அப்பள்ளியின் திறப்பு எங்கே, பால் கொண்டு வருபவர் யார், எந்தப் பிள்ளைக்கு என்ன நோய் என்ற செய்திகளெல்லாம் அவள் பெட்டியோடே சென்று விடுகின்றன. ஆகவே ஒவ்வொரு பணிக்கும் ஒரு குறிப்பேடு வேண்டும். ஒருவர் போகும் முன் மற்றொருவர் அருகிருந்து பழக வேண்டும். ஊரிலே நிலையாக வாழ்வோரையும் அப்பணியிற் சேர்த்துக்கொண்டால், தளம் மாறினாலும் தொண்டு மாறாது நிற்கும்.

பொறுப்பு என்பதும் உண்டு. அமெரிக்கப் படைத்தளங்களில் தொண்டன் பணி தொடங்கு முன் எழுத்தில் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுகிறான். என்ன வேலை, யார் மேற்பார்வை என்பன அதில் உண்டு. பணியின்போது காயமுற்றால், சம்பளம் பெறும் அரசாங்க ஊழியனுக்குள்ள ஈட்டுரிமை அவனுக்கும் சட்டப்படி உண்டு. கடதாசியில் எழுதினால் அன்பு குறைந்து விடும் என்று எம்மவர் சிலர் கருதுவர். உண்மையில், ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்த தொண்டனுக்குத் தேவைப்படுவது பாராட்டுரையன்று. வைத்தியச் செலவே ஆகும்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காயன்று என்பதைத் திருகோணமலை மாவட்டம் மீண்டும் ஒருமுறை கண்டது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி காலை ஆழிப்பேரலை எழுந்தது. கிண்ணியாவும் மூதூரும் நிலாவெளியும் குச்சவெளியும் சிதைந்தன. கிண்ணியாவில் வைத்தியசாலையே அழிந்தது. அன்று கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் கதவு திறந்தன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கைகோத்துப் பிணங்களைத் தூக்கினர். கடற்படையினரும், தங்கள் தளமே பாதிக்கப்பட்டிருக்க, மீட்புக்கு வந்தனர். அந்த முதல் நாட்களில் எவரும் எவரையும் நிருவகிக்கவில்லை. நிருவகிக்க நேரமும் இல்லை. ஆனால் வாரம் ஒன்று சென்றதும் வேறொரு நிலை தோன்றியது. ஓரிடத்தில் உடைகள் மலைபோற் குவிந்தன. வேறோரிடத்தில் குடிநீர் இல்லை. ஒரு முகாமுக்குப் பத்து அணிகள் சென்றன. அடுத்த முகாமுக்கு ஓர் அணியும் செல்லவில்லை. அன்பு குறையவில்லை. அன்பைப் பங்கிடும் கையே குறைவாயிருந்தது.

இங்கே மறைக்கக்கூடாத ஒன்றையும் கூறவேண்டும். 1983 தொடக்கம் 2009 வரை நீடித்த யுத்தக் காலத்தில், தளத்தின் மதில் உயர்ந்தது. அம்மதிலுக்குள்ளே செல்வது நகரத் தமிழனுக்கு எளிதன்று. அதற்குள் இருந்தவருக்கு அவனை நம்புவதும் எளிதன்று. அவனுக்கும் அச்சம் இருந்தது. அவ்வச்சத்துக்குக் காரணங்களும் இருந்தன. ஒருவரையொருவர் ஐயுறும் இடத்தில் தொண்டு முளைக்காது. ஆயினும் ஆழிப்பேரலை வந்த அந்தக் காலையில், சில நாட்களுக்கேனும், மதிலின் இரு பக்கத்தாரும் ஒரே சேற்றில் நின்றனர். யார் சொல்லியும் அவர்கள் அவ்வாறு நிற்கவில்லை. ஆனால் அவ்வாறு நின்றதைத் தொடர்ந்து நிலைநிறுத்த ஒரு முறை வகுக்கப்படாமையால், அலை வடிந்ததுபோல் அந்த நெருக்கமும் வடிந்தது. தொண்டரை வழிநடத்தும் கலை அலுவலகக் கோப்புகளோடு முடிந்துவிடுவதன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

இறுதியாக, நன்றி கூறுவதைப் பற்றி ஒரு சொல். தொண்டன் பொற்கிழி எதிர்பார்ப்பதில்லை. மாலையும் மேடையும் அவனுக்கு வேண்டியதில்லை. ஆனால் தன் பெயர் தெரிந்திருக்க வேண்டும், தான் வராத நாளில் ஒருவர் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும், களைத்தபோது இளைப்பாற விடவேண்டும், விலகும்போது மனக்கசப்பின்றி வழியனுப்ப வேண்டும் என்ற அளவேனும் அவன் விரும்புவான். அவ்வாறு வழியனுப்பப்பட்டவன் மீண்டும் ஒருநாள் வருவான்.

துறைமுகத்தின் நீர் இன்றும் அமைதியாகவே உள்ளது. அமைதியான நாட்களே ஆயத்தத்துக்கு உரிய நாட்கள். சங்கு ஊதியபின் பதிவேடு திறப்பதிற் பயனில்லை. ஓர் ஊரிலே தொண்டு செய்ய மனம் உள்ளவர் எத்தனை பேர், அவர்கள் யாவர், அவர்கள் கைக்கு எவ்வேலை பொருந்தும், அவர்கள் பணியில் நிற்கும்போது அவர்களுடைய வீட்டை யார் பார்ப்பார் என்ற இந்நான்கையும் இன்றே அறிந்து வைத்திருக்கும் ஊர், அலை வந்தாலும் அம்பு வந்தாலும் நிலைகலங்காது. அந்த அறிவைச் சேர்ப்பதும் ஒரு தொண்டே ஆகும்.